கட்டிலைச் சுற்றி ஒரு குழு

ஜொகூரில் சாலை வழியாகப் பயணம் செய்தவர்களுக்கு ஆயர் ஈத்தாமைத் தெரியாமல் இருக்காது. பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தச் சிற்றூரில்தான் தீபகற்பத்தின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பழைய 1ஆம் கூட்டரசுச் சாலையும், பத்து பகாட்டையும் குளுவாங்கையும் இணைக்கும் 50ஆம் சாலையும் சந்திக்கின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் ஊரை ஒட்டியே போகிறது. சாலையோரம் பீங்கான் சாமான் கடைகள், சுற்றிலும் செம்பனை. மேற்கே பத்து பகாட்டில் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனை. கிழக்கே குளுவாங்கில் என்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனை. எழுந்து நடமாடுகிறவர் எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையை எட்டிவிடலாம்.

கட்டிலை விட்டு எழ முடியாத முதியவருக்கு இந்தச் சாலைகள் இருந்தும் இல்லாதவைதான். அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து காருக்கும் மாற்ற இரண்டு பேர் வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது அன்றைய சம்பளத்தை விட வேண்டும். காத்திருக்கும் கூடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் முதுகுப் புண் பெரிதாகும். அடுத்த மாதம் 'போக வேண்டாம், மருந்தை மட்டும் வாங்கி வா' என்று வீட்டில் சொல்லத் தொடங்குவார்கள். நோயாளி மருத்துவத்திலிருந்து விலகிப்போவது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் முடிவெடுக்காமலே நடக்கிறது.

மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவரை முதியவர் என்று கணக்கிடுகிறார்கள். 2030இல் அவர்கள் மக்கள்தொகையில் சுமார் 15 சதவீதமாக இருப்பார்கள் என்பது அரசின் கணிப்பு. 2018ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வு, முதியோரில் 17 சதவீதத்தினருக்குக் குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் தடை இருப்பதாகவும், 8.5 சதவீதத்தினருக்கு மறதிநோய்க்கான அறிகுறிகள் இருப்பதாகவும் கண்டது. இவர்களுக்காக மருத்துவம் வீடு தேடி வர வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எப்படி வந்தால் பயன் தரும் என்பதுதான் அறிவியல் விடை தேட வேண்டிய கேள்வி. அந்த விடையை நோக்கித்தான் இந்த அத்தியாயம் போகிறது.

ஒரு நோயாளி, எட்டுப் பேர்

விளங்கிக்கொள்வதற்காகக் கற்பனையில் ஒரு பாட்டியை வைத்துக்கொள்வோம். வயது 74. இளமையில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு மகனோடு ஆயர் ஈத்தாமுக்கு அருகே ஒரு தாமானில் குடியேறியவர். பல ஆண்டுகளாக இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. ஒருநாள் விடியற்காலையில் வலக்கை விழுந்தது, பேச்சு குழறியது. பக்கவாதம். மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டு வீடு திரும்புகிறார். மூக்கில் உணவுக் குழாய், கட்டிலோரம் சிறுநீர்ப் பை, ஒரு பை நிறைய மாத்திரைகள். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வர முடியும். பகல் முழுவதும் மருமகள்தான்.

இந்தப் பாட்டிக்கு யார் யார் வேண்டும்? ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்க்க மருத்துவர். குழாயை மாற்ற, புண்ணுக்கு மருந்து கட்ட தாதி. கையையும் காலையும் மீட்க இயன்முறைச் சிகிச்சையாளர். ஒரு கையால் சட்டை போடவும், குளியலறையில் வழுக்காமல் இருக்கவும் வழி சொல்லித்தர செயல்முறைச் சிகிச்சையாளர். விழுங்கலையும் பேச்சையும் சோதிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர். குழாயில் எதை, எவ்வளவு ஊற்றுவது என்று கணக்கிட உணவியலாளர். மாத்திரைகளைச் சரிபார்க்க மருந்தாளர். உதவித்தொகைக்கும் சக்கர நாற்காலிக்கும் விண்ணப்பம் எழுதித்தர மருத்துவச் சமூகப் பணியாளர். மொத்தம் எட்டுப் பேர்.

எட்டுப் பேரும் வந்துவிட்டால் போதுமா? போதாது. அதைப் புரிந்துகொள்ள, படுத்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

படுக்கை செய்யும் வேலை

2007இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 67. சாப்பாடு அளவாகக் கொடுக்கப்பட்டது. பத்தாம் நாள் முடிவில், இரண்டு கால்களிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. காலின் வலிமையும் கணிசமாகக் குறைந்திருந்தது. நல்ல உடம்புக்கே இந்தக் கதி என்றால், பக்கவாதமும் சர்க்கரையும் சேர்ந்த உடம்பின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். 'ஓய்வாகப் படுத்திருக்கட்டும்' என்று அன்போடு சொல்லும் சொல்லே எழுந்து நடக்கும் வாய்ப்பை நாளுக்கு நாள் குறைக்கிறது.

அடுத்தது தோல். தோலுக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு. யூஜின் லாண்டிஸ் என்ற உடலியலாளர் 1930இல் விரல்நகத்தின் ஓரத்திலுள்ள நுண்குழாய்களில் அளந்தபோது, ரத்தம் நுழையும் முனையில் அது சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று கண்டார். சாதாரண மெத்தையில் அசையாமல் படுத்திருப்பவரின் இடுப்பெலும்பின் மேலும் குதிகாலிலும் விழும் அழுத்தம் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைக் காலால் மிதித்தால் எப்படி நீர் நிற்கிறதோ, அப்படியே அந்த இடத்தில் ரத்தம் நின்றுபோகிறது. நமக்கு அது நடந்தால் உறுத்தல் தெரிந்து புரண்டு படுக்கிறோம். உணர்வும் அசைவும் இழந்தவரால் புரள முடிவதில்லை. சில மணி நேரத்தில் திசுக்கள் சாகத் தொடங்குகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள் என்று தாதியர் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

மூன்றாவது, விழுங்குதல். பக்கவாதத்தில் தொண்டைத் தசைகளின் ஒழுங்கு குலைந்தால், உணவும் எச்சிலும் உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். விளைவு நிமோனியா. குழாய் வழியாக ஊட்டினாலும் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்காவிட்டால், இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும்.

இவை மூன்றும் தனித்தனித் தொல்லைகள் போலத் தெரியும். உடம்புக்குள் இவை ஒன்றையொன்று தூண்டுகின்றன. விழுங்க முடியாததால் புரதம் குறைகிறது. புரதம் குறைந்தால் புண் ஆறாது. ஆறாத புண்ணில் கிருமி ஏறுகிறது. கிருமி ஏறினால் முதியவருக்குக் காய்ச்சலுக்கு முன்பே குழப்பம் வரும்: ஆளைத் தெரியாது, இரவு பகல் மாறும். குழப்பத்தில் பயிற்சிக்கு ஒத்துழைக்க மாட்டார். பயிற்சி நின்றால் தசை மேலும் கரையும்.

இப்போது எட்டுப் பேரும் தனித்தனியாக வரும் வீட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டிக்கு வயிற்றுப்போக்கு. உணவியலாளர் குழாய் உணவின் அளவைக் குறைக்கச் சொல்கிறார். அது மருத்துவருக்குத் தெரியாததால் இன்சுலின் அளவு அப்படியே தொடர்கிறது. இரண்டு நாளில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிப் பாட்டி மயங்குகிறார். இன்னொரு வீட்டில் ரத்தக் கொதிப்பு மாத்திரை காலை எட்டு மணிக்கு. இயன்முறைச் சிகிச்சையாளர் வருவது ஒன்பதரைக்கு. மாத்திரையின் வேகத்தில், எழுப்பி நிறுத்தியதும் ரத்த அழுத்தம் விழுகிறது, தாத்தாவுக்குத் தலை சுற்றுகிறது, உட்கார்ந்துவிடுகிறார். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பில் எழுதப்படுகிறது. மாத்திரை நேரத்தை மாற்றியிருந்தால் அவர் நின்றிருக்கக்கூடும். இரண்டு வீட்டிலும் தன் வேலையில் தவறியவர் எவரும் இல்லை. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல் போனதுதான் நோயாளியை வீழ்த்தியது.

மார்ஜரி வாரன் கண்ட வார்டு

முதியோரைக் குழுவாகப் பார்ப்பது என்ற எண்ணம் பிறந்த இடம் லண்டனின் மேற்குப் புறத்திலிருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை. 1935இல் பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதி அந்த மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. அங்கே கிடந்த 714 நோயாளிகளின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது. பெரும்பாலோர் முதியவர்கள். 'குணமாகாதவர்கள்' என்று முடிவு கட்டப்பட்டு, ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே விடப்பட்டவர்கள்.

வாரன் ஒவ்வொருவரையும் புதிதாகப் பரிசோதித்தார். நோய் என்ன என்று மட்டும் கேட்காமல், எதைத் தானாகச் செய்ய முடிகிறது, எதைக் கற்றுக்கொடுத்தால் செய்வார், வீட்டில் யார் இருக்கிறார் என்றும் கேட்டார். தாதியர், சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் எல்லோரையும் ஒரே திட்டத்தின் கீழ் வேலை செய்ய வைத்தார். படுத்தவர்களில் பலர் எழுந்தார்கள்; பலர் வீடு திரும்பினார்கள். 1940களில் அவர் எழுதிய கட்டுரைகள் முதியோர் மருத்துவத்தைத் தனித் துறையாக நிலைநிறுத்தின.

அவருடைய அணுகுமுறைக்கு அளவுகோல் கிடைத்தது 1960களில். சிட்னி காட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1963இல் ஆறு அன்றாடச் செயல்களைப் பட்டியலிட்டார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து மாறுவது, மலஜலத்தைக் கட்டுப்படுத்துவது, சாப்பிடுவது. நோயிலிருந்து மீளும் முதியவர் இவற்றைத் திரும்பப் பெறும் வரிசை, குழந்தை இவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசையை ஒத்திருப்பதை அவர்கள் கவனித்தார்கள். 1965இல் புளோரன்ஸ் மஹோனியும் டோரத்தியா பார்தெலும் பத்துச் செயல்களுக்கு மதிப்பெண் கொடுத்து, 0 முதல் 100 வரையிலான அளவுகோலை வெளியிட்டார்கள். பார்தெல் மதிப்பெண் இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. இதன் பெரிய பயன், குழுவுக்கு அது ஒரு பொதுமொழியைத் தருவதுதான். 'பாட்டி பரவாயில்லை' என்று சொன்னால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். 'போன மாதம் 25, இந்த மாதம் 45' என்றால் எட்டுப் பேருக்கும் ஒரே செய்திதான் போய்ச்சேரும்.

மருந்து எது?

குழு உண்மையிலேயே உதவுகிறதா, அல்லது நல்ல எண்ணம் மட்டுமா? பதில் சொல்லக்கூடிய சோதனைகள் நடந்திருக்கின்றன.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேரி நெய்லர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் 363 முதியவர்கள் பங்கேற்றார்கள். எல்லோரும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள்; மீண்டும் சேர்க்கப்படும் ஆபத்து மிகுந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினரை, அனுபவமிக்க தாதி மருத்துவமனையில் இருக்கும்போதே சந்தித்தார். வீடு திரும்புவதற்கான திட்டத்தை வகுத்தார். பிறகு வீட்டுக்கும் வந்தார். மருத்துவரோடு தொடர்பில் இருந்தார். 24 வாரங்களில் வழக்கமான பிரிவில் 37 சதவீதத்தினர் ஒருமுறையாவது மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தாதி தொடர்ந்த பிரிவில் அது 20 சதவீதம். புதிய மருந்தோ கருவியோ சேர்க்கப்படவில்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையில் அறுந்து கிடந்த இழையை ஒருவர் கையில் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்னும் துல்லியமான சான்று பக்கவாத ஆய்விலிருந்து வருகிறது. நோயாளியை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பி, மறுவாழ்வுப் பயிற்சியை வீட்டிலேயே தரும் முறையைச் சோதித்த 11 ஆய்வுகளை, கிளாஸ்கோவைச் சேர்ந்த பீட்டர் லாங்ஹார்ன் குழுவினர் 2005இல் தொகுத்தார்கள். மொத்தம் 1,597 நோயாளிகள். வீட்டில் பயிற்சி பெற்றவர்களில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தோரும் நூற்றுக்கு ஐந்து பேர் குறைவு. மருத்துவமனையில் தங்கிய காலமும் சராசரியாக எட்டு நாள் குறைந்தது. ஆனால் அந்தத் தொகுப்பின் முக்கியமான கண்டுபிடிப்பு வேறு. பயன் மிகுதியாகத் தென்பட்டது, பல துறையினரும் ஒருங்கிணைந்த குழுவாகச் சேர்ந்து பார்த்த ஆய்வுகளில்தான். அதிலும் லேசான, நடுத்தரப் பாதிப்பு உள்ள நோயாளிகளிடம்தான்.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். வீட்டு மருத்துவம் எல்லாருக்கும் எல்லாமும் ஆகாது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் அதனால் பெறும் பலன் குறைவு. பலன் கிடைக்கும் இடத்திலும் அதைத் தருவது வீடு தேடி வருவது மட்டுமன்று. வருகிறவர்கள் கூடிப் பேசுவதுதான் இங்கே மருந்து. வாரத்துக்கு ஒருமுறை கூட்டம், எல்லாரும் எழுதும் ஒரே ஏடு, முழுவதையும் அறிந்து பொறுப்பேற்கும் ஒருவர், நோயாளி தன் வாயால் சொன்ன இலக்கு ஆகிய நான்கும் சேர்ந்ததற்குத்தான் ஒருங்கிணைப்பு என்று பெயர்.

வாசலுக்கு வந்த தாதி

மலேசியாவுக்கு இது முற்றிலும் புதிய சிந்தனை இல்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கட்டியெழுப்பப்பட்ட கிராமச் சுகாதாரச் சேவையின் உயிரே வீட்டுக்கு வந்த தாதியும் மருத்துவச்சியும்தான். பிரசவம் முடிந்த வீட்டுக்குத் தாதி வந்து தாயையும் குழந்தையையும் பார்ப்பது இன்றும் தொடர்கிறது. பிரசவத்தில் தாய்மார் இறப்பதை இந்த நாடு வெகுவாகக் குறைத்ததில் அந்த வருகைகளுக்குப் பெரும் பங்குண்டு.

தோட்டத் தமிழருக்கு இன்னொரு நினைவும் உண்டு: டிரெசர். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தவர், காயத்துக்குக் கட்டுப் போட்டவர், யாரை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அறிந்தவர். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறியபோது, லயத்து அக்கம்பக்கத்தோடு டிரெசரும் போய்விட்டார். வெளிக்காட்டில் வேலை செய்த தலைமுறைதான் இன்று முதுமையில் கட்டிலில் கிடக்கிறது. அவர்களுடைய வீடுகளில் பகலில் இருப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான்.

இந்த வெற்றிடத்தில்தான் சுகாதார அமைச்சு 2014இல் தொடங்கிய 'பெர்கிட்மாத்தான் பெராவாத்தான் டோமிசிலியாரி', அதாவது வீட்டுப் பராமரிப்புச் சேவை வருகிறது. மருத்துவமனையிலிருந்து நிலை சீரடைந்து வீடு திரும்பும் படுக்கை நோயாளிகளை, அந்தந்த வட்டாரத்துச் சுகாதார கிளினிக்கின் குழு வீட்டிலேயே சென்று பார்க்கும் ஏற்பாடு இது. மருத்துவர், தாதி, மருத்துவ உதவி அதிகாரி, இயன்முறை, செயல்முறைச் சிகிச்சையாளர்கள் எனப் பலர் தேவைக்கேற்ப இதில் இடம்பெறுகிறார்கள். குழாய் மாற்றுதல், புண் கட்டுதல், கைகால் பயிற்சி எல்லாம் வீட்டிலேயே நடக்கின்றன. குழு என்றென்றைக்கும் வந்துகொண்டிருக்காது. பராமரிக்கும் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையில் பொறுப்பை ஒப்படைப்பதே இதன் நோக்கம். சமூக நல இலாகாவும் தனியாக வாழும் முதியோர் வீட்டுக்குத் தொண்டர்களை அனுப்பும் 'வீட்டு உதவிச் சேவை'யை நடத்துகிறது.

பல இனங்கள் வாழும் ஜொகூர் போன்ற மாநிலத்தில் மொழியும் ஒரு மருத்துவக் கருவி. தோட்டத்தில் வளர்ந்து, பள்ளிக்கூடம் போகாத பாட்டியிடம் 'நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்' என்று கேட்டு மறதிநோயை முடிவு செய்வது நியாயமாகாது. இந்தச் சிக்கலை அறிந்துதான் சிங்கப்பூரைச் சேர்ந்த மனநல மருத்துவர் குவா ஈ ஹியோக், கோ என்பவரோடு சேர்ந்து, படிப்பு குறைந்த முதியோருக்கும் பொருந்தும் பத்துக் கேள்விகள் கொண்ட சோதனையை 1992இல் வெளியிட்டார். மலேசிய கிளினிக்குகளிலும் அது பயன்பட்டு வருகிறது. குழுவில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தால், 'வலிக்குதா?' என்ற கேள்விக்குத் தலையாட்டலைத் தாண்டிய பதில் கிடைக்கும். 'இந்தப் பக்கம் சுருக்கு சுருக்குனு இழுக்குது, ராத்திரியிலதான் ஜாஸ்தி' என்ற ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பாதி நோயறிதல்.

மற்ற ஊர்கள் சொல்வது

சான் பிரான்சிஸ்கோவின் சீனர் பேட்டையில் 1971இல் ஆன் லோக் என்ற அமைப்பு தோன்றியது. முதியோர் இல்லத்துக்குப் பெற்றோரை அனுப்ப மனமில்லாத குடியேறிகளுக்காக, பகல்நேர மையம், வீட்டு வருகை, மருத்துவம் எல்லாவற்றையும் ஒரே குழுவின் கையில் தந்தது. அந்த மாதிரியைப் பின்னர் அமெரிக்க அரசே ஏற்று மற்ற மாநிலங்களுக்கும் விரித்தது. நெதர்லாந்தில் யோஸ் தே பிளாக் என்ற தாதி 2006இல் தொடங்கிய பூர்ட்சோர்க் அமைப்பில், 12 பேருக்கு மேற்படாத தாதியர் குழு ஒரு வட்டாரத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்கிறது. நோயாளிக்கு மாதத்துக்கு முப்பது முகங்கள் என்றில்லாமல், பழகிய சில முகங்கள்.

தமிழகத்தில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கியது. அதற்கு வழிவகுத்தவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு அடித்தளம் இட்டவர் அவர். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அடுத்த அடியை வைத்தது. ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். வலிதணிப்புத் தாதியும் இயன்முறைச் சிகிச்சையாளரும் தேவைப்பட்ட வீடுகளுக்கு வருகிறார்கள். அந்த வட்டாரத்திலேயே வசிக்கும் பெண்தான் தன்னார்வலர் என்பது இதன் பலம். பாட்டி இரண்டு நாளாக வாசலுக்கு வரவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஒன்பதாம் ஆள்

எட்டுப் பேரைச் சொன்னேன். குழுவில் மிக நீண்ட நேரம் வேலை செய்பவரை இன்னும் சொல்லவில்லை. தாதி வாரத்தில் சில மணி நேரம் வருவார். மருமகளோ மகளோ மனைவியோ மற்ற எல்லா மணி நேரமும் அங்கேயே இருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது என்றால் இரவிலும்தான்.

இந்தச் சுமை அவருடைய உடம்பில் இறங்குகிறது என்பதற்கு அறிவியல் சான்று உண்டு. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் கீகோல்ட் கிளேசரும் குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்த 13 பெண்களும், அதே வயதையும் வருமானத்தையும் ஒத்த வேறு 13 பெண்களும் பங்கேற்றார்கள். எல்லோருடைய கையிலும் ஒரே அளவிலான சிறு காயம் உண்டாக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அது ஆற 39 நாள் ஆனது. பராமரித்த பெண்களுக்கு ஏறக்குறைய 49 நாள். நீண்ட மன அழுத்தம் நோயெதிர்ப்பு அணுக்களின் வேலையைத் தாமதப்படுத்துகிறது. பாட்டியின் முதுகுப் புண்ணை ஆற்றப் பாடுபடும் மருமகளின் சொந்தக் காயம் ஆற மறுக்கிறது என்பது வருத்தம் தரும் உண்மை.

ஆகவே நல்ல குழு, பராமரிப்பவரையும் நோயாளியைப் போலவே விசாரிக்கும். முதுகு வலிக்காமல் ஆளைத் தூக்குவது எப்படி என்று செய்து காட்டும். தூக்கம் வருகிறதா, கடைசியாக எப்போது வெளியே போனீர்கள் என்று கேட்கும். மாதத்தில் சில நாளாவது வேறொருவர் பொறுப்பேற்க ஏற்பாடு செய்யும். மருமகள் என்றால் செய்யத்தான் வேண்டும் என்று நம் குடும்பங்களில் இதைக் கடமைக் கணக்கில் எழுதிவிடுகிறோம். கடமை என்று சொல்லிவிட்டால் உதவி கேட்பதே குற்றமாகிவிடுகிறது. அவர் செய்வது வேலை. பயிற்சியும் ஓய்வும் தேவைப்படும் வேலை. அவரை நடத்தும் விதத்தைப் பொறுத்தே அந்த வீட்டின் மருத்துவம் நிற்கும்.

வீடு திரும்பும் நாளுக்கு முன்

ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரு புள்ளியில் கூடுகின்றன: ஒருங்கிணைப்பு தொடங்க வேண்டியது மருத்துவமனையில் இருக்கும்போதே. வீட்டுக்கு வந்த பிறகு தேடினால் அந்த முதல் வாரம் கையை விட்டுப் போய்விடும். உங்கள் வீட்டு முதியவர் மருத்துவமனையில் இருந்தால், வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன அன்றே இவற்றைக் கேளுங்கள். எங்கள் வட்டாரத்துச் சுகாதார கிளினிக்கில் வீட்டுப் பராமரிப்புச் சேவை உண்டா, அதற்குப் பரிந்துரைக் கடிதம் தருவீர்களா? பழைய மாத்திரைகளில் எது நின்றது, எது தொடர்கிறது, எது புதிது? குழாயையும் பையையும் பார்த்துக்கொள்வதை எங்கள் கையால் செய்ய வைத்துக் கற்றுத்தருவீர்களா? சந்தேகம் வந்தால் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒருவர் யார்? பதில்களை எல்லாம் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும், வந்த தேதியையும் செய்ததையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கட்டிலின் தலைமாட்டில் அது எப்போதும் இருக்கட்டும்.

பராமரிக்கும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு பிற்பகலை வீட்டிலுள்ள மற்றவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து வாரக் கடைசியில் வரும் மகனும் ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கவும் குழாயில் ஊட்டவும் கற்றுக்கொள்ளட்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ஆயர் ஈத்தாம் போன்ற ஊர்களுக்குப் புதிய மருத்துவமனைக் கட்டடத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது, கிளினிக்கிலிருந்து வீடுகளுக்குப் போக வண்டியும், போதிய தாதியரும் சிகிச்சையாளர்களும், அவர்கள் வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேச ஒதுக்கப்பட்ட ஒரு மணி நேரமும்தான். பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தாதியை அனுப்ப இந்த நாட்டுக்குத் தெரியும். முதுமையில் படுத்தவரின் வீட்டுக்கும் அதே அக்கறையோடு ஒரு குழுவை அனுப்ப முடியும், அனுப்ப வேண்டும்.